திரையில் 3000 வாட், தகட்டில் எவ்வளவு?

கேள்வி: அம்பத்தூரில் ஷீட் மெட்டல் ஜாப் ஒர்க் செய்கிறோம். எங்களுடையது நான்கு ஆண்டு ஆன 3 கிலோவாட் ஃபைபர் லேசர் கட்டிங் மெஷின், இரண்டு ஷிப்ட் ஓடுகிறது. 10 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகடு காலையில் முதல் ஒன்றிரண்டு ஷீட் சுத்தமாக வருகிறது. அரை மணி நேரம் போனதும் அடியில் ஸ்லாக் (உருகி உறைந்த கசடு) ஒட்டத் தொடங்கிவிடும். நிமிடத்துக்கு 1.1 மீட்டரில் ஓடியதை இப்போது 0.8-க்கு இறக்கித்தான் ஓட்டுகிறோம். லென்ஸைக் காக்கும் புரொடெக்டிவ் கிளாஸ் முன்பு வாரத்துக்கு இரண்டு போதும், இப்போது நாளுக்கு இரண்டு. ஸ்கிரீனில் பவர் 3000 வாட் என்றே காட்டுகிறது. நைட்ரஜன் செலவைக் குறைக்க மூன்று மாதமாக 3 மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டைக் கம்ப்ரசர் காற்றில் வெட்டுகிறோம். சர்வீஸுக்கு வந்தவர், லேசர் சோர்ஸ் (ஒளியை உண்டாக்கும் பெட்டி) வீக் ஆகிவிட்டது, கழற்றி அனுப்ப வேண்டும் என்று பல லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். சோர்ஸ் போய்விட்டதா இல்லையா என்று நாங்களே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: வணக்கம். வழி உண்டு. அந்தச் சோதனைகளை முடிக்கும்வரை சோர்ஸைக் கழற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். சோர்ஸிலிருந்து ஒளியைக் கொண்டுபோகும் ஃபைபரைப் பிடுங்கி, மீண்டும் மாட்டும் ஒவ்வொரு முறையும் கனெக்டர் முனையில் தூசி விழும் ஆபத்து இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள சோர்ஸ்கூட அந்த ஒரு தூசியால் எரியலாம்.

நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான தடயம் இருக்கிறது. காலையில் நன்றாக வெட்டி, அரை மணியில் கெட்டு, மறுநாள் காலை மீண்டும் நன்றாக வெட்டுகிறது. பம்ப் டயோடு (சோர்ஸுக்குள் லேசருக்கு ஆற்றல் கொடுக்கும் ஒளி டயோடு) தேய்ந்த சோர்ஸ் இப்படி நடந்துகொள்ளாது. டயோடுகள் இரண்டு விதமாகத்தான் போகும். ஒன்று, ஆயிரக்கணக்கான மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் குறையும். இல்லையென்றால் ஒரு வரிசை டயோடு மொத்தமாக அணைந்து, பவர் ஒரே நாளில் படியிறங்கினாற்போல் குறையும். இரண்டிலும் முதல் ஷீட்டே மோசமாகத்தான் வரும். ராத்திரி ஓய்வெடுத்து டயோடு தேறுவதில்லை. மேலும், டயோடுகளின் ஆயுளை உற்பத்தியாளர்கள் பொதுவாக 1 லட்சம் மணி நேரம் என்ற அளவில் குறிப்பிடுவார்கள். இரண்டு ஷிப்ட் வீதம் நான்கு ஆண்டு ஓடினாலும் உங்கள் மெஷின் 20,000 மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும், அதிலும் பீம் எரிந்த நேரம் இன்னும் குறைவு. அது சராசரிக் கணக்குதான், முன்னமே போகிற டயோடும் உண்டு. ஆனால் சந்தேகத்தை அங்கிருந்து தொடங்கக் காரணம் இல்லை.

சூடானபின் கெட்டுப்போகிறது என்றால், எது சூடாகிறது என்று தேட வேண்டும். தகட்டிலிருந்து தொடங்கி மேலே போங்கள்: நாசில் (ஒளியும் கேஸும் வெளிவரும் முனை), புரொடெக்டிவ் கிளாஸ், ஃபோகஸ் லென்ஸ், கொலிமேட்டர் (விரியும் ஒளியை இணைகற்றையாக்கும் லென்ஸ்), ஃபைபர் கனெக்டர், கடைசியில் சோர்ஸ். விலை குறைந்ததும் அடிக்கடி கெடுவதும் கீழே இருக்கின்றன.

முதலில் நீங்கள் கழற்றிப் போட்ட பழைய கிளாஸ்களை எடுங்கள். குப்பையில் போட்டிருந்தால் இனிமேல் போடாதீர்கள். தேதி எழுதி, எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று விளிம்பில் குறித்து வையுங்கள். டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்து, பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பாருங்கள். கீழ்ப்பக்கம் கரும்புள்ளிகளும் குழிகளும் இருந்தால் அது பியர்சிங்கில் (வெட்டத் தொடங்கும் முன் தகட்டைத் துளைக்கும்போது) தெறித்த உலோகம். பியர்சிங் உயரத்தைக் கூட்டி, படிப்படியாகத் துளைக்கச் செய்தால் குறையும். மேல்பக்கம் நடுவில் வெண்படலமோ எரிந்த வட்டமோ இருந்தால் அழுக்கு ஹெட்டுக்கு (இந்த லென்ஸ்கள் இருக்கும் வெட்டும் தலை) உள்ளேயிருந்து வருகிறது. கிளாஸ் மாற்றும்போது தூசி போயிருக்கும், அல்லது கிளாஸைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் சீல் தேய்ந்து கேஸ் மேலே ஏறியிருக்கும். கீழ்ப்பக்கம் முழுவதும் சீரான, வானவில் போல் மினுங்கும் மெல்லிய படலம் இருந்தால் அது எண்ணெய்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த எண்ணெயைத்தான். மூன்று மாதத்துக்கு முன் காற்றுக்கு மாறினீர்கள், அதற்குப் பிறகு கிளாஸ் செலவு ஏழு மடங்கு ஆகியிருக்கிறது. ஸ்க்ரூ கம்ப்ரசரும் ரெஃப்ரிஜிரேட்டட் ட்ரையரும் மட்டும் இருந்தால் லேசர் ஹெட்டுக்குப் போதாது. எண்ணெய் அளவு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, ஐ.எஸ்.ஓ. 8573-1 தரத்தில் எண்ணெய்க்கு 1-ஆம் வகுப்பு என்பது இதுதான். அதற்கு வடிகட்டிகளை வரிசையாகப் போட்டு, கடைசியில் ஆக்டிவேட்டட் கார்பன் வைக்க வேண்டும். ட்ரையரில் கோளாறு வந்து காற்று ஈரமாக வந்தால் கார்பன் சீக்கிரம் செயலிழந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சோதிப்பது எளிது. நாசிலைக் கழற்றி, பீம் அணைந்திருக்க, சாவியையும் எடுத்துவிட்டு, 2 பாரில் ஐந்து நிமிடம் காற்றை ஒரு சுத்தமான வெள்ளை ஃபில்டர் தாளில் ஊதவிடுங்கள். மஞ்சள் கறையோ, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவும் திட்டோ தெரிந்தால் காற்றில் வெட்டுவதை அன்றே நிறுத்துங்கள். தாள் சுத்தமாக இருப்பதாலேயே காற்று சுத்தம் என்று ஆகிவிடாது. கார்பன் வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்பதையும் பாருங்கள்.

இதில் கிளாஸைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான மெஷின்களில் காற்று, நைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் கடைசியில் ஒரே பாதையில்தான் ஹெட்டுக்குள் போகின்றன. காலையில் எஸ்.எஸ். வெட்டிய காற்று விட்டுச்சென்ற எண்ணெய், மதியம் எம்.எஸ். வெட்டும் ஆக்சிஜனைச் சந்திக்கிறது. ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். தாளில் கறை கண்டால், ஆக்சிஜன் குழாய்களைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்களைக் கொண்டு வால்விலிருந்து நாசில்வரை சுத்தம் செய்த பிறகுதான் ஆக்சிஜனைத் திறக்க வேண்டும்.

அழுக்குக் கிளாஸ் ஏன் அரை மணி கழித்துக் காட்டுகிறது? நல்ல கிளாஸ் உறிஞ்சும் ஒளி மிகச் சொற்பம். படலம் ஏறிய கிளாஸ் 0.5 சதவீதம் உறிஞ்சினால்கூட 3000 வாட்டில் 15 வாட் வெப்பம் ஆகிறது. குவார்ட்ஸ் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். அதனால் நடுப்பகுதி சூடாகி விளிம்பு குளிர்ச்சியாக நிற்கிறது. தட்டையான அந்தக் கண்ணாடி குவிலென்ஸாக வேலை செய்யத் தொடங்குகிறது. ஃபோகஸ் மேலே, ஹெட்டை நோக்கி ஏறுகிறது. 100 மைக்ரான் ஃபைபர், 100 மி.மீ. கொலிமேட்டர், 150 மி.மீ. ஃபோகஸ் லென்ஸ் உள்ள ஹெட்டில் புள்ளியின் விட்டம் சுமார் 150 மைக்ரான். அது கூர்மையாக நிற்கும் ஆழம் மேலும் கீழும் தலா 1.4 மி.மீ. அளவுதான். ஒன்றரை மி.மீ. நகர்ந்தால் நீங்கள் செட் செய்த பாராமீட்டருக்கு அர்த்தமே இல்லை. ஆபரேட்டர் வேகத்தைக் குறைக்கிறார், பவரைக் கூட்டுகிறார், கிளாஸ் இன்னும் சூடாகிறது. கிளாஸிலிருந்து கிளம்பும் புகை மேலே ஏறி ஃபோகஸ் லென்ஸையும் பிடித்துவிட்டால் அதன்பிறகு கிளாஸ் மாற்றிப் பயனில்லை.

அதே 15 வாட் பவர் மீட்டரில் தெரியாது என்பதையும் கவனியுங்கள். சாதாரண மீட்டரின் பிழை வரம்பே 3 முதல் 5 சதவீதம். 3000-க்குப் பதில் 2985 வந்தால் அதை யாரும் குறையாகப் பார்க்க முடியாது. ஆனால் வெட்டு கெட்டுப்போகும். அதனால்தான் பவர் மட்டும் அளந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிறேன். ஃபோகஸையும் அளக்க வேண்டும், குளிர்ந்த நிலையில் ஒரு முறை, சூட்டில் ஒரு முறை.

அந்தச் சோதனை இப்படி. 1 மி.மீ. எஸ்.எஸ். துண்டு ஒன்றை வைத்து, 300 வாட் அளவில், தகட்டைத் துளைக்காமல் கீறல் மட்டும் விழும் வேகத்தில், 20 மி.மீ. நீளக் கோடுகள் போடுங்கள். ஃபோகஸை மட்டும் −5 முதல் +5 வரை ஒவ்வொரு மி.மீ. ஆக மாற்றுங்கள், நாசில் உயரம் மாறக்கூடாது. பூதக்கண்ணாடியில் எந்தக் கோடு மிக மெல்லியதோ அதன் எண்ணைக் குறியுங்கள். காலையில் மெஷின் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை. பிறகு வழக்கம்போல் 10 மி.மீ. எம்.எஸ். அரை மணி ஓட்டி, நிறுத்திய ஒரு நிமிடத்துக்குள் அடுத்த முறை. புரோகிராமையும் துண்டையும் முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். கண்ணாடி சீக்கிரம் ஆறிவிடும், பொருளைத் தேடிக்கொண்டிருந்தால் நகர்வு கையில் சிக்காது. இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருந்தால் ஹெட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதற்கு மேல் போய், மெல்லிய கோடு கீழ்ப்பக்க எண்ணுக்கு நகர்ந்திருந்தால் (ஏறிப்போன ஃபோகஸை அவ்வளவு இறக்க வேண்டியிருக்கிறது என்று பொருள்) சூடாவது ஹெட்டின் கண்ணாடிகள்தான். புதுக் கிளாஸ் போட்டு மறுபடி செய்யுங்கள். நகர்வு நின்றுவிட்டால் குற்றவாளி கிளாஸ். நிற்காவிட்டால் ஃபோகஸ் லென்ஸ் அல்லது கொலிமேட்டர்; அதைச் சுத்தமான அறையில்தான் திறக்க வேண்டும், ஷெட்டில் வேண்டாம்.

ஸ்லாக் நான்கு பக்கமும் ஒரே மாதிரி ஒட்டுகிறதா என்பதையும் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் என்றால் நாசில் நடுவில் இல்லை, அல்லது அதன் துளை வட்டம் இழந்துவிட்டது. டேப் ஒட்டிப் புள்ளி அடித்துச் சரிபார்க்கும் வழி உங்கள் ஆபரேட்டருக்குத் தெரிந்திருக்கும்.

இனி பவர். கையடக்க லேசர் பவர் மீட்டரை வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். அது 1070 நானோமீட்டருக்கும் உங்கள் வாட் அளவுக்கும் ஏற்றதா, அளவீட்டுச் சான்று நடப்பில் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஃபோகஸ் புள்ளியில் மீட்டரை வைத்தால் அது அந்த நொடியே போய்விடும். 3000 வாட் 150 மைக்ரானில் குவிந்தால் ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 1.7 கோடி வாட் அடர்த்தி. மேலே சொன்ன ஹெட்டில், ஃபோகஸிலிருந்து 300 மி.மீ. கீழே வைத்தால் பீம் ஏறக்குறைய 32 மி.மீ. விட்டத்துக்கு விரிந்து, அடர்த்தி 400 வாட்டுக்குக் கீழே வந்துவிடும். மீட்டரின் முகம் அதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும்; சிறியதென்றால் தூரத்தைக் குறைத்து, மீட்டர் கையேட்டில் உள்ள அடர்த்தி வரம்பைத் தாண்டாமல் பாருங்கள். எத்தனை நொடி காட்டலாம், எவ்வளவு நேரம் ஆறவிடலாம் என்பதும் அந்தக் கையேட்டில் இருக்கும். நாசிலைக் கழற்றி, புதுக் கிளாஸ் போட்டு அளங்கள். கேபின் கதவு மூடியிருக்க வேண்டும், உள்ளே ஆள் கூடாது, பளபளக்கும் தகடு மேசையில் கிடக்கக் கூடாது. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. சிதறி வருவதே விழித்திரையைச் சுடும். 1070 நானோமீட்டருக்கு ஓ.டி. 7 (ஒளியைத் தடுக்கும் திறனின் அளவு) என்று பொறித்த பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், ஆனால் அதை நம்பிக் கதவைத் திறந்து வைக்காதீர்கள்.

25, 50, 75, 100 சதவீதத்தில் தலா மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். குளிர்ந்தபோது ஒரு தொகுப்பு, அரை மணி ஓடியபின் ஒரு தொகுப்பு. கூடவே சோர்ஸின் சொந்த மென்பொருளைத் திறந்து, உள் சென்சார் காட்டும் பவரையும் டயோடு கரண்டையும் அதே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கும் ஸ்கிரீனில் 3000 என்று நிற்பது பல மெஷின்களில் கேட்ட அளவு மட்டுமே. கிடைத்த அளவு அல்ல. சோர்ஸ் தன் உள் சென்சாரைப் பார்த்துக் கரண்டைச் சரிசெய்துகொள்ளும் வகை என்றால், டயோடு தேய்ந்தாலும் பவர் மாறாது. கரண்ட் மட்டும் மாதாமாதம் ஏறும். அதனால் சோர்ஸின் வயதைச் சொல்லும் எண் கரண்ட்தான்.

எண்களை வைத்துப் பார்க்கும் விதம் இது. குளிரில் நான்கு அளவிலும் சரியாக வந்து, சூட்டில் 100 சதவீதத்தில் மட்டும் பவர் குறைந்தால் குளிரூட்டலைப் பாருங்கள். நான்கிலும் ஒரே விகிதத்தில் குறைந்து, உள் சென்சார் மட்டும் சரியாகக் காட்டினால் ஒளி வழியில் எங்கோ தொலைகிறது: கனெக்டர், கொலிமேட்டர் அல்லது லென்ஸ். உள் சென்சாரும் குறைவாகக் காட்டினால்தான் சோர்ஸ் மீது கை வைக்கலாம். புதுக் கிளாஸ் போட்டதுமே 7 சதவீதம் போல் குறைந்தால், அந்தக் கிளாஸில் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லை என்று பொருள். பூச்சில்லாத குவார்ட்ஸ் ஒவ்வொரு முகத்திலும் சுமார் 3.5 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நல்ல பூச்சுள்ளதில் இரண்டு முகமும் சேர்ந்தே 1 சதவீதத்துக்குக் கீழேதான் போகும். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிய பெட்டியை இந்த ஒரு சோதனையிலேயே தரம் பிரித்துவிடலாம்.

குளிர்ந்த தண்ணீரை ஓட்டிக் குளிரூட்டும் சில்லரைச் சோதிக்க, சோர்ஸுக்குப் போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் வெப்பமானி வையுங்கள். மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஒளியாகிறது என்று வைத்தால், 3 கிலோவாட் சோர்ஸ் முழுப் பவரில் 6 முதல் 7 கிலோவாட் வெப்பத்தைத் தண்ணீரில் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடினால் தண்ணீர் 4 முதல் 5 டிகிரி சூடேறித் திரும்பும். 8, 9 டிகிரி வந்தால் ஓட்டம் பாதியாகியிருக்கிறது. ஃபில்டர் அடைப்பு, பம்ப், மடிந்த ஹோஸ் என்று பாருங்கள். போகும் தண்ணீரே நேரம் ஆக ஆகச் சூடேறினால் கண்டென்சரில் தூசி அடைத்திருக்கும் அல்லது சில்லரின் குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கும். டயோடின் அலைநீளம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.3 நானோமீட்டர் நகரும், நகர்ந்தால் ஃபைபர் அதை உறிஞ்சுவது குறையும். 976 நானோமீட்டர் டயோடு உள்ள சோர்ஸுக்கு இது உடனே உறைக்கும், 915 வகை கொஞ்சம் தாங்கும்.

சென்னைக்கு இன்னொரு எச்சரிக்கை. 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 27 டிகிரி. நீங்கள் 22 டிகிரி தண்ணீரை ஓட்டினால், ஈரக்காற்று புகுந்த சோர்ஸ் பெட்டிக்குள் நீர்த்துளி நிற்கும். டயோடுகளையும் போர்டுகளையும் தேய்மானத்தைவிட வேகமாகக் கொல்வது இதுதான். காலையில் கேபினெட் ஏசியை முதலில் போட்டு அரை மணி கழித்துச் சில்லரைப் போடுங்கள், கதவு ரப்பரைச் சரிபாருங்கள், கரண்ட் போய் வந்தாலும் இதே வரிசைதான். ஹெட்டுக்குப் போகும் தண்ணீரைத் தனியாக 28, 30 டிகிரியில் வைக்கும் இரட்டைச் சில்லர் கொடுத்திருப்பதும் இதற்காகத்தான். இரண்டையும் ஒரே எண்ணில் வைத்துவிடாதீர்கள்.

கிளாஸ் மாற்றும் விதத்தில்தான் பல கடைகளில் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது. ஃபேனை அணைத்து, பக்கத்தில் கிரைண்டிங்கை நிறுத்தி, ஹெட்டின் வெளிப்புறத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்த பிறகு கார்ட்ரிட்ஜை இழுங்கள். இழுத்த நொடியே திறந்த வாயை டேப்பால் மூடுங்கள். கையுறை புதியதாக இருக்கட்டும். கம்ப்ரசர் காற்றாலோ வாயாலோ ஊதவே கூடாது. சீல் வளையம் தட்டையாகியிருந்தால் கிளாஸோடு அதையும் மாற்றுங்கள். கிளாஸ் விலையைப் பார்த்துச் சீலை விட்டுவிடுவது நஷ்டம்.

இனிமேல் ஒரு நோட்டு போடுங்கள். தினமும் தண்ணீர் வெப்பநிலை இரண்டும், கிளாஸ் மாற்றினால் தேதியும் எந்தப் பக்கம் எரிந்தது என்பதும். வாரத்துக்கு ஒரு முறை 50 மி.மீ. சதுரத் துண்டு ஒன்று 10 மி.மீ. தகட்டில், குளிரில் ஒன்று, சூட்டில் ஒன்று, தேதி எழுதி அலமாரியில். மாதத்துக்கு ஒரு முறை நான்கு அளவு பவர், டயோடு கரண்ட், பின்திரும்பும் ஒளிக்கான அலாரம் எத்தனை முறை வந்தது என்பது. பித்தளை, செம்பு, அலுமினியம் வெட்டும் நாட்களைத் தனியாகக் குறியுங்கள். அவற்றிலிருந்து திரும்பும் ஒளி சோர்ஸ்வரை போய் காம்பைனரையும் (பல ஒளிகளை ஒன்றுசேர்க்கும் பாகம்) டயோடையும் தாக்கும். அலாரத்தை ரீசெட் செய்து ஓட்டுவது ஆபரேட்டருக்குப் பழகிவிட்டிருந்தால் அதை உடனே நிறுத்துங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, உள் சென்சாரும் வெளி மீட்டரும் ஒன்றுபோல் குறைவு காட்டி, கரண்ட் உச்சத்தில் நின்றால், சர்வீஸ்காரர் சொன்னது சரிதான், அனுப்புங்கள். அப்போதும் அனுப்பும் முன் உங்கள் அளவுகளைக் கடிதத்தில் இணைத்து, எந்த மாட்யூல், எத்தனை டயோடு மாற்றினார்கள், மாற்றும் முன்னும் பின்னும் நான்கு அளவில் பவர் எவ்வளவு, ஃபைபரை வெட்டி ஒட்டினார்களா, கனெக்டர் முனையின் நுண்ணோக்கிப் படம் ஆகியவற்றை அறிக்கையாகத் தர வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். திரும்பி வந்ததும் முதல் நாளே நீங்களும் அளந்து, அந்த எண்களை நோட்டின் புதுப் பக்கத்தில் எழுதுங்கள்.